ஹைலக்ஸ் கெப்பில் 2எல் எஞ்சினை எடுத்துவிட்டு மீளக்கட்டிய 3எல் இறக்கலாமா?

வன்னிக் கமக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1994ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப் ஒன்று இருக்கிறது. மாதிரி எல்.என்.85, இரு சக்கர இழுவை, ஐந்து கியர், 2எல் டீசல் எஞ்சின். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, பழைய கெப்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத விலை சொல்லப்பட்ட காலத்தில், வேறு வழியில்லாமல் மூன்றாவது கையாக வாங்கியது. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதி வழியாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிச் செல்வதே இதன் முதன்மையான வேலை.

சென்ற மாதம் திரும்பி வரும்போது ரேடியேற்றரின் கீழ்க் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. வெப்பமானியின் முள் ஏறியதை இருட்டில் நான் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எஞ்சின் தானாக நின்ற பிறகே இறங்கிப் பார்த்தேன். கழற்றிப் பார்த்ததில் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் வால்வுகளுக்கு இடையே வெடித்திருக்கிறது. மூன்றாவது சிலிண்டரின் சுவர் ஆழமாகக் கீறுப்பட்டிருக்கிறது.

ஊரில் உள்ள ஒரு கராஜில், ஹயஸ் வான் ஒன்றிலிருந்து எடுத்து மீளக்கட்டியதாகச் சொல்லப்படும் 3எல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. கியர் பெட்டி அதனுடன் இல்லை. “எல்லாம் ஒரே குடும்பம்தான், அப்படியே இறங்கும்” என்று கராஜ்காரர் உறுதியாகச் சொல்கிறார். ஆனால் என் மைத்துனர், வான் எஞ்சின் கெப்புக்குப் பொருந்தவே பொருந்தாது என்று அதே உறுதியோடு சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் நான் எவற்றை என் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்? இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன்மார் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பழைய ஸ்பானர் எழுதியது:

தம்பி, இருவர் சொல்வதும் பாதி சரி. கராஜ்காரர் எஞ்சினின் உடலான புளொக்கைப் பற்றிப் பேசுகிறார், உங்கள் மைத்துனர் புளொக்கைச் சுற்றித் தொங்குகின்றவற்றைப் பற்றிப் பேசுகிறார்.

2எல், 3எல், 5எல் மூன்றும் டொயோட்டாவின் எல் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள். 2எல் எஞ்சினின் துளை விட்டமும் வீச்சும் 92 மில்லிமீற்றர், கொள்ளளவு 2446 கன சென்ரிமீற்றர். 3எல் எஞ்சினில் இரண்டும் 96 மில்லிமீற்றர், கொள்ளளவு 2779. வெளித்தோற்றத்தில் புளொக்குகள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், எல்.என்.85இன் அடிச்சட்டத்தில் 3எல் உட்காருமா என்ற கேள்விக்கு உட்காரும் என்பதே விடை. நானே பல கெப்களில் இறக்கியிருக்கிறேன். ஆனால் வானிலிருந்து வந்த எஞ்சினை வந்த கோலத்திலேயே இறக்க முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது சம்ப், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி. ஹயஸில் எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருப்பது, கெப்பில் முன்மூடிக்குக் கீழே இருப்பது. முன் அச்சுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடம் விட வேண்டியதால், ஒயில் தேங்கும் ஆழமான பகுதி ஒவ்வொரு வாகனத்திலும் வெவ்வேறு இடத்தில் அமைந்திருக்கும். ஆகவே உங்களுடைய 2எல் எஞ்சினின் சம்பைக் கழற்றி 3எல் எஞ்சினில் பூட்ட வேண்டியிருக்கும். சம்பை மாற்றுகிறவர்கள் பலர் அதற்குள் இருக்கும் ஒயில் உறிஞ்சு குழாயையும் அளவுக்கோலையும் சேர்த்து மாற்ற மறந்துவிடுகிறார்கள். உறிஞ்சு குழாயின் வாய் சம்பின் ஆழமான பகுதியில் இல்லாவிட்டால், சமதரையில் ஒயில் அழுத்தம் சரியாகக் காட்டும், ஏற்றத்திலோ திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோ விழுந்துவிடும். புதிதாகப் போட்ட பேரிங்குகள் சில நாட்களிலேயே தட்டத் தொடங்குவதற்கு இந்த ஒரு கவனக்குறைவு போதும்.

அடுத்தது எஞ்சின் தாங்கிகள். புளொக்கின் இரு பக்கமும் பூட்டப்பட்டிருக்கும் இரும்புக் கைகளை உங்கள் பழைய எஞ்சினிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். வானின் கைகளை வைத்துக்கொண்டு அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்ய முற்படும் கராஜ் எதுவாக இருந்தாலும் அங்கிருந்து வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காற்று உறிஞ்சும் மனிஃபோல்டின் வாய், புகைக் குழாயின் பிளேன்ஜ், விசிறி ஆகியவற்றிலும் இதே விதிதான்: கெப்பில் எது இருந்ததோ அது.

ஓல்டர்னேற்றரைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். இந்த டீசல் எஞ்சின்களில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடப் பம்ப் ஓல்டர்னேற்றரின் முதுகிலேயே இருக்கிறது. அதற்கு எஞ்சினிலிருந்து ஒயில் செல்லும் ஒரு சிறு குழாயும், ஒயில் திரும்பி வரும் ஒரு பெரிய குழாயும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று பம்ப் இல்லாத ஓல்டர்னேற்றரைப் பூட்டினாலோ, குழாய்களை மாற்றிப் பூட்டினாலோ, சுமையோடு இறக்கத்தில் வரும்போது பிரேக் மிதி கல்லாக இருக்கும். பம்ப் பூட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மிதியை அழுத்தியபடி நிறுத்தி, பூஸ்டர் வெற்றிடத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்காமல் வீதிக்கு எடுக்க வேண்டாம்.

இனி எஞ்சினின் பின்பக்கம். அந்த ஹயஸ் தானியங்கி கியர் வாகனமா, கையியக்கக் கியர் வாகனமா என்று கேட்டீர்களா? ஜப்பானிலிருந்து வந்த வான்களில் தானியங்கி மிகுதி. தானியங்கியில் பிளைவீலுக்குப் பதிலாக ஒரு மெல்லிய தட்டுத்தான் இருக்கும், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முனையில் பைலட் பேரிங்கும் இராது. அந்தச் சிறு பேரிங்கைப் போடாமல் கியர் பெட்டியை ஏற்றிவிட்டால், உள்ளே செல்லும் தண்டு தாங்கலின்றி ஆடும், கிளச் முழுதாக விடுபடாது, கடைசியில் கியர் பெட்டியின் முன் பேரிங் போகும். பிறகு கியர் பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். பிளைவீலைப் பொறுத்தவரை, 3எல் எஞ்சினுக்குரிய கையியக்கப் பிளைவீலைத் தேடி வாங்குவதே நல்லது. உங்கள் 2எல் பிளைவீலையே பூட்டலாம் என்று சொன்னால், போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், பல் வளையத்தின் பற்கள், கிளச் தட்டு உட்காரும் விட்டம் என்ற நான்கையும் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். கிளச் தட்டை வாங்குவதற்கு முன்னர் உங்கள் கியர் பெட்டித் தண்டில் போட்டு வழுக்கிப் பாருங்கள். எஞ்சினுக்கும் கியர் பெட்டியின் முன்கூடான பெல் ஹவுசிங்குக்கும் நடுவே இருக்கும் தகட்டையும் பழைய எஞ்சினிலிருந்து கழற்றி வையுங்கள். அது இல்லாமல் ஸ்டார்ட்டரின் பல் ஒழுங்காகக் கடிக்காது.

மின்சாரப் பகுதி இந்த எஞ்சினில் குறைவு. டீசலை நிறுத்தும் சொலினொயிட்டும், ஒயில் அழுத்தச் சுவிட்சும், வெப்பமானியும், ஹீட்டர் பிளக்குகளும்தான். வெப்பமானியின் உணரியை உங்கள் பழைய எஞ்சினிலிருந்து எடுத்துப் போடுங்கள், ஏனெனில் வானின் உணரி உங்கள் முள்ளோடு ஒத்துப் பேசாது. ஹீட்டர் பிளக்குகளில் ஒரு பொறி இருக்கிறது. சில டொயோட்டா டீசல்களில் விரைவாகச் சூடாகும் பொருட்டுக் குறைந்த வோல்ட்டேஜ் பிளக்குகளைப் போட்டு, ஒரு தனி ரிலேயும் தடையும் வைத்து அவற்றைக் கட்டுப்படுத்துவார்கள். அந்தப் பிளக்குகளை 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கும் வயரிங்கில் இணைத்தால், இரண்டு மூன்று காலைப் பொழுதுகளில் நான்கும் எரிந்துபோகும். பிளக்கின் உடலில் குத்தப்பட்டிருக்கும் வோல்ட்டேஜை வாசித்து, உங்கள் கெப்பின் வயரிங்குக்கு ஏற்றதைப் போடுங்கள்.

இதே விலையில் 5எல் தருகிறோம் என்று யாராவது வந்தால், அது இயந்திரப் பம்ப் கொண்ட 5எல்தானா என்று பாருங்கள். 5எல்-இ என்பது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பம்ப் கொண்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியும் முழு வயரிங்கும் இல்லாமல் அது உங்கள் கெப்பில் வெறும் இரும்புதான். டொயோட்டாவின் சர்ஃப் வாகனங்களில் வந்த 2எல்-டிஇயும் அப்படியே.

கடைசல் பட்டறை எழுதியது:

மேலே அண்ணர் எழுதியது பொருந்துவதைப் பற்றியது. லேத் வேலை செய்கிறவன் என்ற முறையில், அந்த எஞ்சின் உண்மையில் மீளக்கட்டியதுதானா என்பதைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நம் நாட்டில் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே பெயரைச் சொல்லி விற்கிறார்கள்.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் “ரீகண்டிஷன் எஞ்சின்” என்று கேட்டால் தருவது பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய வாகனத்திலிருந்து கழற்றி, திறக்காமல், கழுவி, பெயின்ற் அடித்துக் கொண்டுவந்த எஞ்சின்தான். அது நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் மீளக்கட்டியது அன்று. மீளக்கட்டியது என்றால் புளொக் துளைக்கப்பட்டு, கிராங் அரைக்கப்பட்டு, ஹெட் பரிசோதிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும். கராஜ்காரரிடம் லேத் பட்டறையின் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். எத்தனையாம் மிகை அளவுப் பிஸ்டன் போட்டார்கள், கிராங்கின் மெயின் கழுத்துகளும் கொனெக்றிங் றொட் கழுத்துகளும் எவ்வளவு அரைக்கப்பட்டன என்று அதில் இருக்கும். துளையை 0.50 பெருப்பித்திருந்தால் விட்டம் 96.50 ஆகியிருக்கும். கிராங்கை 0.25 அரைத்திருந்தால் பேரிங் ஓடுகளின் முதுகிலும் அதே எண் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லை, வேலை செய்தவர் இப்போது ஊரில் இல்லை என்ற பதில் வந்தால், அந்த எஞ்சினுக்கு ரீகண்டிஷன் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நான் வற்புறுத்துவது, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையே வைக்கும் தகடான ஹெட் கஸ்கெட்டை. எல் குடும்பத்து டீசல்களில் பிஸ்டன் மேல்நிலையை அடையும்போது புளொக்கின் மட்டத்துக்கு மேலே சிறிது எழும்பி நிற்கும். எவ்வளவு எழும்புகிறது என்பதை டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் அளந்து, அதற்கேற்ற தடிப்புள்ள கஸ்கெட்டைப் போட வேண்டும். டொயோட்டா இதற்காகவே பி, டி, எஃப் என்ற அடையாளத்தோடு மூன்று தடிப்புகளில் கஸ்கெட் செய்கிறது. பி மெல்லியது, எஃப் தடித்தது, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்தான் வித்தியாசம். பழைய புளொக்கின் மேற்பரப்பு ஒருமுறை சீவப்பட்டிருந்தால் பிஸ்டன் முன்னையதைவிட உயரமாக எழும்பும். அதன் மேல் கடையில் கைக்கு வந்த மெல்லிய கஸ்கெட்டைப் போட்டால், அமுக்கம் கூடி எஞ்சின் கடூரமாகத் தட்டும், மோசமான நிலையில் பிஸ்டன் ஹெட்டைத் தொடும். தடித்ததைத் தேவையில்லாமல் போட்டால் காலையில் ஸ்டார்ட் எடுக்காது, வெள்ளைப் புகை வரும். எந்த அடையாளமுள்ள கஸ்கெட் போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அளந்து போட்டவர் யோசிக்காமல் எழுத்தைச் சொல்வார்.

ஹெட்டைப் பற்றியும் ஒன்று. இந்த ஹெட்கள் வால்வுகளுக்கு இடையே வெடிப்பது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை, இந்தக் குடும்பத்தின் பழைய வியாதி அது. ஆகவே அந்த 3எல் எஞ்சினின் ஹெட்டும் வெந்நீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்துப் பரிசோதிக்கப்பட்டதா, அல்லது பூட்டும்போதே கண்ணால் பார்த்து விட்டுவிட்டார்களா என்பது முக்கியம். 2எல் ஹெட்டை 3எல் புளொக்கின் மேல் ஏற்றிவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதைவிடப் பொதுவாக நடப்பது, 92 மில்லிமீற்றர் துளைக்குரிய கஸ்கெட்டை 96 மில்லிமீற்றர் துளையின் மேல் போடுவது. கஸ்கெட்டின் இரும்பு வளையம் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நின்று சிவந்து எரியும்.

வால்வு இடைவெளிகள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்வாங்கும் பக்கத்தில் 0.20 முதல் 0.30 வரையும், புகை பக்கத்தில் 0.40 முதல் 0.50 வரையும் இருக்க வேண்டும். மேல் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் வைத்துப் பார்ப்பதற்கு அரை மணித்தியாலம் போதும். திறந்து காட்ட மறுப்பவரிடம் மீதியைக் கேட்டுப் பயனில்லை.

ஏ9 சாரதி எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. இவ்வளவு அலைச்சலுக்கும் பதிலாகத் தன்னுடைய 2எல் எஞ்சினையே துளைத்து, புதிய ஹெட் போட்டுக் கட்டினால், சம்பும் பிளைவீலும் பதிவுப் புத்தகமும் அப்படியே இருக்குமே? வெடித்த ஹெட்டுக்கு மாற்று ஹெட் சந்தையில் கிடைக்கிறது. மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ், அதாவது புதிய உட்குழாய், அடித்தால் போதும் என்று நினைக்கிறேன். 3எல் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மரவள்ளிக்கிழங்கும் பூசணியும் தம்புள்ளைக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் என்ன ஆகப்போகிறது?

கடைசல் பட்டறை எழுதியது:

ஏ9 சாரதி சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. என்னிடம் நேரில் வந்திருந்தால் நானும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் அடிப்பதை நான் செய்வதில்லை. தண்ணீர் இல்லாமல் நிற்கும் வரை ஓடிய எஞ்சினில் மற்ற மூன்று துளைகளும் வட்டம் இழந்திருக்கும், புளொக்கின் மேற்பரப்பும் வளைந்திருக்கக்கூடும். கிராங்கின் பேரிங்குகளும் எரிந்த ஒயிலில்தான் ஓடியிருக்கின்றன. எனவே 2எல் கட்டுவதென்றால் முழுவதையும் கட்ட வேண்டும்.

ஹெட் வாங்குவதென்றால், 2எல் என்ற பெயரில் இரண்டு வகை உண்டு என்பதை மறக்க வேண்டாம். பழைய வகையில் வால்வுகளை ரொக்கர் கைகள் அழுத்தும். 1980களின் பிற்பகுதியில் வந்த இரண்டாம் வகையில் கேம் தண்டு நேரே வால்வின் மேலுள்ள கிண்ணத்தை அழுத்தும். 1994ஆம் ஆண்டு வாகனத்தில் இருப்பது இரண்டாம் வகையாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால், கழற்றி வைத்திருக்கும் ஹெட்டைக் கடைக்கே கொண்டு சென்று ஒப்பிட்டு வாங்குங்கள்.

நோட்டுப் புத்தகம் எழுதியது:

எஞ்சின் மாற்றுவது இரும்போடு முடிவதில்லை என்பதால் எழுதுகிறேன். வாகனப் பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட இலக்கத்தோடு எஞ்சின் இலக்கமும் சிலிண்டர் கொள்ளளவும் இருக்கின்றன. 2எல் எடுத்து 3எல் போட்டால் இரண்டுமே மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இந்த மாற்றத்தைப் பதிவு செய்யாமல் ஓடினால், வழியில் மறிக்கும் பொலிஸாரைவிட, விபத்து நடந்த பிறகு காப்புறுதி நிறுவனமும், நாளைக்கு வாகனத்தை வாங்க வருகிறவரும்தான் உங்களுக்குச் சிக்கலாக இருப்பார்கள். ஆகவே எஞ்சினை இறக்குவதற்கு முன்னரே புளொக்கில் குத்தப்பட்டிருக்கும் இலக்கத்தைத் துடைத்து வாசித்து, படம் எடுத்து, அதே இலக்கம் எழுதப்பட்ட விற்பனைச் சீட்டைக் கராஜ்காரரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். இலக்கம் அராவப்பட்டிருந்தாலோ, மேலே மீண்டும் குத்தப்பட்டதாகத் தெரிந்தாலோ, அந்த எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். எவருடைய வானிலிருந்து கழற்றினார்களோ, அந்த வானின் விவரத்தையும் கேட்டுவையுங்கள்.

கெப் லீசிங்கில் இருக்கிறதா? இருந்தால் சான்றிதழில் முழு உரிமையாளராகப் பதிவாகியிருப்பது நிதி நிறுவனம். அவர்களிடம் முதலில் பேசாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

வருமான உத்தரவுப்பத்திரம் புதுப்பிக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை இருக்கிறதல்லவா, அதையும் மனத்தில் வையுங்கள். 2எல் எஞ்சினின் டீசல் பம்பை 3எல் எஞ்சினில் பூட்டி, இழுவை போதவில்லை என்று டீசல் அளவுத் திருகை முறுக்கிவிட்டு, பரிசோதனையில் கரும்புகையோடு திரும்பி வந்த ஒரு கெப்பை எனக்குத் தெரியும். என்னுடையதுதான்.

பழைய ஸ்பானர் எழுதியது:

பம்பைப் பற்றி எழுத மறந்ததை நோட்டுப் புத்தகம் நினைவூட்டிவிட்டார். 3எல் எஞ்சினுக்கு 3எல் பம்ப்தான். டீசல் பம்ப் வேலைத்தளத்தில் மேசையில் ஏற்றிச் சரிபார்த்த சீட்டு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பம்பை டைமிங் பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால், எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிய பெல்ட்டும், இறுக்கும் உருளையும், தண்ணீர்ப் பம்பும் போட்டுவிடுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மீற்றர் பலகையில் இருக்கும் டி-பெல்ட் விளக்கு உங்கள் கெப் ஓடிய தூரத்தைத்தான் எண்ணுகிறது, எஞ்சின் மாறியது அதற்குத் தெரியாது. ஆகவே புதிய பெல்ட் போட்ட அன்று மீற்றரின் எண்ணை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ரேடியேற்றரைக் கழற்றி முழுதாகத் துப்புரவு செய்யாமல் எந்த எஞ்சினையும் அந்த வாகனத்தில் வைக்கக் கூடாது. முதல் எஞ்சின் இறந்தது குழாய் வெடித்ததால் என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய் ஏன் வெடித்தது என்று பார்த்தீர்களா? பழைய குழாயாக இருக்கலாம், அடைபட்ட ரேடியேற்றராலும் வேலை செய்யாத மூடியாலும் ஏறிய அழுத்தமாகவும் இருக்கலாம். 3எல் கூடுதலாக டீசலை எரிக்கும், கூடுதலாகச் சூட்டை வெளியே தள்ளும்.

வன்னிக் கமக்காரன் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, மைத்துனரையும் அழைத்துக்கொண்டு சென்ற சனிக்கிழமை கராஜுக்குப் போய் வந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

இலக்கம் தெளிவாக இருக்கிறது, 3எல் என்று தொடங்குகிறது, அராவிய அடையாளம் எதுவும் இல்லை. லேத் சீட்டு இருந்தது, பிஸ்டன் 0.50 மிகை அளவு, கிராங் இரு வகைக் கழுத்துகளும் 0.25. ஹெட் அழுத்தப் பரிசோதனை செய்ததாகச் சீட்டில் ஒரு வரி இருக்கிறது. கிராங்கின் பின்முனையில் மெல்லிய தட்டுத்தான் பூட்டியிருந்தது, பைலட் பேரிங் இல்லை. தானியங்கி வான்தான் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார். ஆனால் பேரிங் உட்காரும் துளை கடையப்பட்டே இருக்கிறது. என் 2எல் கிராங்கிலிருந்து எடுத்துச் சென்ற பேரிங்கின் விட்டமும் துளையின் விட்டமும் ஒத்துப்போகின்றன. சம்ப் நீங்கள் சொன்னது போலவே வேறு வடிவம்.

கஸ்கெட் எந்த எழுத்து என்று கேட்டேன். “நல்ல கஸ்கெட்தான் தம்பி” என்றார். நான் விடவில்லை. ஹெட்டைக் கழற்றி அளந்து காட்டினால் கழற்றும் கூலியையும் புதிய கஸ்கெட்டின் விலையையும் நானே தருகிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்று சொன்னேன். திங்கட்கிழமை லேத் பட்டறையிலிருந்து டயல் கேஜோடு ஒருவர் வந்து அளந்தார். நான்கு பிஸ்டன்களில் மிக உயரமானது 0.92 மில்லிமீற்றர் எழும்புகிறது. உள்ளே போட்டிருந்தது பி.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, எஃப் போட்டால் இது சரியாகிவிடுமா, அல்லது புளொக் அளவுக்கு மீறிச் சீவப்பட்டுவிட்டது என்று ஒதுக்க வேண்டுமா? இரண்டாவது, கெப்பில் பவர் ஸ்டியரிங் இல்லை, ஆனால் வான் எஞ்சினின் முன்பக்கம் பவர் ஸ்டியரிங் பம்பும் குளிரூட்டிக் கம்பிரசரும் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் பெல்ட் ஓட்டம் கெட்டுவிடாதா? கெப் லீசிங்கில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசல் பட்டறை எழுதியது:

0.88ஐத் தாண்டியவை எஃப் கஸ்கெட்டுக்குரியவை, உங்களுடைய 0.92 அதற்குள்தான் வருகிறது. 0.97ஐயும் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆகவே இந்த முறை தப்பித்தீர்கள், ஆனால் இந்தப் புளொக்கை இனி ஒருபோதும் சீவ முடியாது என்பதைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். நான்கு பிஸ்டன்களுக்கும் தனித்தனியே எவ்வளவு வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகத் தாழ்வாக இருந்தால், அந்தக் கொனெக்றிங் றொட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட் போல்ட்களைப் புதியனவாகவே போடச் சொல்லுங்கள்.

பழைய ஸ்பானர் எழுதியது:

பவர் ஸ்டியரிங் பம்பையும் கம்பிரசரையும் அவற்றின் தாங்கிகளோடு கழற்றிவிடுங்கள். அவற்றின் பெல்ட்கள் தனியானவை. ஓல்டர்னேற்றரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும் பெல்ட் கிராங் புலியின் எந்தப் பள்ளங்களில் ஓடுகிறது என்பதை மட்டும் உங்கள் பழைய புலியோடு ஒப்பிட்டு, நேர்க்கோட்டில் வருகிறதா என்று ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். தாங்கிகளைக் கழற்றிய இடத்தில் திறந்து கிடக்கும் போல்ட் துளைகளை வெறுமையாக விடாமல், குட்டைப் போல்ட்களால் மூடுங்கள்.

கியர் பெட்டியை ஏற்றுகிற அன்று, கிளச் தட்டை நடுவில் நிறுத்தப் பழைய கியர் தண்டு ஒன்று கிடைத்தால் கேட்டு வாங்கி வையுங்கள். கண் மட்டத்தில் நிறுத்தி ஏற்ற முற்பட்டு, பொருந்தவில்லை என்று போல்ட்களை இறுக்கி இழுத்து, புதிய பைலட் பேரிங்கை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெல் ஹவுசிங் கையால் தள்ளும்போதே புளொக்கோடு முட்டி உட்கார வேண்டும். முட்டிய பிறகுதான் போல்ட்.

வன்னிக் கமக்காரன் எழுதியது:

நான்கு அளவுகளும்: 0.89, 0.92, 0.90, 0.91. எஃப் கஸ்கெட்டுக்கும் ஹெட் போல்ட்களுக்கும் பஞ்சிகாவத்தையில் சொல்லிவிட்டேன், பஸ்ஸில் போட்டு அனுப்புகிறார்கள். ரேடியேற்றரைத் திறந்தபோது கீழ்ப் பகுதியில் பாதிக் குழாய்கள் அடைபட்டுக் கிடந்தன, மூடியின் ரப்பரும் கிழிந்திருக்கிறது. புதிய ரேடியேற்றர் வந்த பிறகுதான் எஞ்சினை இறக்கச் சொல்லியிருக்கிறேன்.